"என்ன மைலேஜ் குடுக்குது மேடம்?"

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடம் யாரும் முதலில் வேகத்தைக் கேட்பதில்லை. மைலேஜைத்தான் கேட்கிறார்கள். ஆறு லட்ச ரூபாய் வண்டியோ அறுபது லட்ச ரூபாய் வண்டியோ, நம் ஊரில் முதல் கேள்வி ஒன்றுதான். ஐந்து லிட்டர் வி-8 எஞ்சின், சென்னை ஓஎம்ஆர் டிராஃபிக்கில் லிட்டருக்கு நாலு, நாலரை வரும் என்று சொன்னால், கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! துக்க வீட்டில் நிற்பவர் மாதிரி உச்சுக் கொட்டுவார். கூடவே ஆறுதலும் வரும். "பரவால்ல மேடம், ஹைவேல கொஞ்சம் கூடக் குடுக்கும்."

வண்டி ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. செகண்ட் ஹேண்ட். சாம்பல் நிறம். சிவப்பும் மஞ்சளும் கிடைத்தன. ஆபீஸுக்கு எடுத்துப் போகிற வண்டி, கொஞ்சம் அடக்கமாக இருக்கட்டும் என்று சாம்பல். நிறத்தில் காட்டிய அடக்கத்தையெல்லாம் ஸ்டார்ட் செய்த அடுத்த நொடியே சைலன்சர் கெடுத்துவிடும், அது வேறு கதை.

எனக்கு நாற்பத்தைந்தை நெருங்குகிறது. ஐடியில் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியாகிவிட்டது. மகள் காலேஜ் போகிறாள். வீட்டுக் கடன் முடிந்தது. அதற்கப்புறம் வாங்கிய வண்டி இது. இந்தத் தகவலையெல்லாம் இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், ஆபீஸில் எல்லோரிடமும் இதையெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. விலையை மட்டும் சொன்னால் விடமாட்டார்கள். 'ஏன்' என்பதற்குப் பதில் வேண்டும்.

மஸ்டாங்கின் கதை தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை புரியும். பணக்காரர்களுக்காகச் செய்த கார் இல்லை இது. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் ஃபோர்டு இதை அறிமுகம் செய்தபோது ஆரம்ப விலை 2,368 டாலர். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த இளசுகள், குமாஸ்தாக்கள், வாத்தியார்கள் வாங்கட்டும் என்றுதான் ஃபோர்டு அதிகாரி லீ அயகோக்கா இதன் பின்னால் நின்றார். இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: அறிமுகத்துக்கு இரண்டு நாள் முன்பே, சிகாகோவில் ஒரு ஷோரூமின் பின்கட்டில் துணி போட்டு மூடி வைத்திருந்த மஸ்டாங்கை ஒரு பெண் வாங்கிவிட்டார். அமெரிக்காவில் விற்ற முதல் மஸ்டாங் அதுதான் என்கிறார்கள். அவருக்கு வயது 22. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூட டீச்சர். அப்பா அம்மாவிடம் கைமாற்று வாங்கி எடுத்த வண்டியைத்தான் பள்ளிக்கு ஓட்டிக்கொண்டு போனார். பெரிய வகுப்புப் பையன்கள் வண்டியைச் சுற்றி மொய்த்தார்களாம். அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த வண்டி அவரிடமே இருந்தது.

ஆக, வேலைக்குப் போகிற ஒரு பெண்ணிடமிருந்துதான் இந்தக் காரின் வரலாறே தொடங்குகிறது. எங்கள் ஆபீஸ் பார்க்கிங்கில் முதல் வாரம் நான் அதிகம் கேட்ட கேள்வியோ, "சார் வண்டியா மேடம்?"

ஆன்சைட்டில் கொஞ்ச காலம் மிச்சிகன் மாநிலத்தில் இருந்தேன். அங்கே ஃப்ளாட் ராக் என்ற ஊரில்தான் மஸ்டாங் தயாராகிறது. டெட்ராய்ட் பக்கத்தில் எந்த ஆபீஸ் பார்க்கிங்கிலும் பத்து வண்டிக்கு ஒன்றாக இது நிற்கும். எங்கள் கட்டடத்தில் ஏசி ரிப்பேர் பார்க்க வருகிறவர் மஸ்டாங்கில்தான் வருவார். பின்சீட்டில் ஸ்பேனர் பை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆகஸ்ட் மாதம் உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்களின் ஊர்வலம் ஒன்று வருஷா வருஷம் நடக்கும். 1995-லிருந்து நடக்கிறது. சாலை ஓரமாக மடக்கு நாற்காலி போட்டுக்கொண்டு தாத்தா பாட்டிகள் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வண்டி கடக்கும்போது அது எந்த வருஷத்து மாடல் என்று சத்தத்தை வைத்தே சொல்வார்கள். அங்கேதான் எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது.

அதே ஜிடி 2016-ல் இந்தியாவுக்கு வந்தபோது டெல்லி ஷோரூம் விலை 65 லட்சம். அந்த நேரத்தில் அமெரிக்காவில் ஜிடி ஏறக்குறைய 33,000 டாலரில் தொடங்கியது. அன்றைய மதிப்பில் 22 லட்சம் சொச்சம். கப்பல் ஏறி, இறக்குமதி வரி கட்டி, மற்ற வரிகளும் கட்டி வந்து இறங்கும்போது ஏசி மெக்கானிக்கின் வண்டி சினிமாக்காரர் வண்டியாகிவிடுகிறது. வண்டி அதே வண்டிதான். சுங்கத்துறைதான் அதற்குக் கிரீடம் வைத்து அனுப்புகிறது.

சரி, ஆபீஸுக்கு வருவோம்.

முதலில் செக்யூரிட்டி. எங்கள் பில்டிங்கில் பல வருஷமாக இருக்கும் அண்ணன் ஒருவர். முன்பு என் பழைய ஹேட்ச்பேக்கில் போகும்போது ஐடி கார்டை எட்டிப் பார்த்து, டிக்கியைத் திறக்கச் சொல்லி, அடியில் கண்ணாடி விட்டுப் பார்த்துத்தான் அனுப்புவார். மஸ்டாங்கில் போன முதல் நாள் சல்யூட் அடித்து கேட்டைத் திறந்துவிட்டார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. பாதுகாப்பு விஷயத்தில் இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று எனக்குள் இருக்கும் ஆடிட்டர் பதறினாள். கண்ணாடியை இறக்கினேன். "மேடமா? நான் யாரோ எம்டின்னு நெனச்சேன்" என்றார். மறுநாளிலிருந்து மறுபடி கார்டு, டிக்கி, அடியில் கண்ணாடி. அந்தக் கண்ணாடி வண்டிக்கு அடியில் நுழைய இடமில்லை என்பது அவருக்கு இன்றுவரை மனக்குறை.

அந்த வண்டியின் தாழ்வு பற்றித் தனிப் புராணமே பாடலாம். வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதி இருக்கிறது. 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், மேலே ஏறி இறங்குவது தெரியாமல் ஒரு வளைவு. 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி முனகாமல் கடக்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பதோ ராத்திரியோடு ராத்திரியாக யாரோ கொட்டிவிட்டுப் போன சிமென்ட் மேடு. அதன் மேல் நேராக ஏறினால் முன்பக்கம் தட்டும். குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். பின்னால் வரும் ஷேர் ஆட்டோ டிரைவர் பொறுமையாக நிற்பார். ஹார்ன் அடிக்க மாட்டார். இதே வேலையைப் பழைய ஹேட்ச்பேக்கில் செய்திருந்தால் என் வம்சத்தையே விசாரித்திருப்பார்.

இதை ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள். 1968-ல் டூப், க்ராஸ் என்று இரண்டு உளவியலாளர்கள் கலிபோர்னியாவில் சிக்னல் பச்சை விழுந்தும் வண்டியை நகர்த்தாமல் நின்று பார்த்தார்கள். ஒருமுறை பளபளக்கும் கிரைஸ்லர் இம்பீரியல், ஒருமுறை பழைய லொடக்கு வண்டி. லொடக்கு வண்டிக்குப் பின்னால் நின்றவர்கள் சீக்கிரமே ஹார்னில் கை வைத்தார்கள். பணக்கார வண்டிக்குப் பின்னால் பலர் பொறுத்துப் போனார்கள். இதில் சுவாரசியம், மாணவர்களிடம் "நீங்கள் என்ன செய்வீர்கள்" என்று தனியாகக் கேட்டபோது, பணக்கார வண்டியைத்தான் முதலில் ஹார்ன் அடித்து விரட்டுவோம் என்று பையன்கள் வீரம் பேசினார்கள். வாய் ஒன்று சொல்கிறது, கை வேறொன்று செய்கிறது. எங்கள் ஆபீஸ் கேண்டீனில் நான் கண்டதும் கிட்டத்தட்ட இதுதான்.

என் டீமில் உள்ள சின்னப் பையன்கள் நேராகவே வந்துவிட்டார்கள். "அக்கா, ஒரே ஒரு ஸ்டார்ட்." பேஸ்மென்ட்டில் ஸ்டார்ட் செய்தால் கான்கிரீட் கூரை அதிரும். அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அவர்களால் எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அவர்களுக்கு வண்டி வேண்டும், விளக்கம் வேண்டாம்.

விளக்கம் கேட்டவர்கள் எல்லாம் என் வயசுக்காரர்கள். நேராகக் கேட்க மாட்டார்கள். கணக்குப் போடுவார்கள். "இஎம்ஐ எவ்ளோ வருது?" லோன் இல்லை என்றால், "ஈஎஸ்ஓபி வித்தீங்களா?" இல்லை என்றால், "ஊர்ல நிலம் ஏதாவது?" அதுவும் இல்லை என்றால், குரலைத் தாழ்த்தி, "அவர் பிசினஸ் நல்லாப் போகுதுபோல." என் வீட்டுக்காரர் அரசுக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். தினமும் பறக்கும் ரயிலில் போய் வருகிறவர். அவர் பிசினஸ் எப்படிப் போகிறது என்று அவரையே கேட்டேன். "சோடியம் குளோரைடு மார்க்கெட் கொஞ்சம் டல்" என்றார்.

இன்னொரு கூட்டம், எனக்கு நானே சொல்லிக்கொள்ளக் காரணம் கிடைக்காமல் தவிப்பதாக நினைத்துத் தாங்களே காரணம் எடுத்துக் கொடுத்தது. "இந்த மாதிரி வண்டிக்கு ரீசேல் போகப் போக ஏறும்ல?" ஏறாது என்றேன். "மகளுக்கு வாங்கினதா?" அவளுக்கு இதைத் தொடக்கூட அனுமதி இல்லை என்றேன். "ஜோசியர் சொன்னாரா?" என்று ஒரு அம்மா கேட்டார். சாம்பல் நிறம் சனிக்குப் பரிகாரமாக இருக்கலாம் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

எனக்கு மேலே இருப்பவர் அப்ரைசல் பேச்சின் நடுவில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்கெல்லாம் ஹைக் எதுக்குங்க?" ஜோக்தான். அப்ரைசல் அறையில் ஜோக் என்று எதுவும் கிடையாது என்பது வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். நானும் சிரித்துக்கொண்டே, "சார், லிட்டருக்கு நாலுதான் குடுக்குது" என்றேன். அந்த வருஷம் கிடைக்க வேண்டியது கிடைத்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தளத்திலேயே டெலிவரி பார்க்கும் சார் ஒருவர் அதே சமயத்தில் புது ஃபார்ச்சூனர் எடுத்தார். டாப் மாடல். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். அதையும் இன்சூரன்ஸையும் சேர்த்துப் பார்த்தால், சில வருஷம் ஓடிய என் மஸ்டாங்கைவிட அவர் வண்டிதான் விலை அதிகம். ஐந்து வருஷ லோன் வேறு. நான் இதை ஒளித்துவைக்கவில்லை, கேட்டவர்களிடம் ரூபாய்க் கணக்கோடு சொன்னேன். யாருக்கும் காதில் ஏறவில்லை. ஃபார்ச்சூனருக்கு கேக் வெட்டினார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கி முதல் ரவுண்டு போனார்கள். "சூப்பர் சார், ஃபேமிலியோட திருப்பதி போலாம்" என்றார்கள். எனக்கு வந்தது, "தைரியம்தான் மேடம் உங்களுக்கு."

யோசித்துப் பார்த்தால், வித்தியாசம் விலையில் இல்லை, கதவில் இருக்கிறது. அதற்கு நாலு கதவு, என்னுடையதற்கு இரண்டு. மஸ்டாங்கில் பின்சீட்டு இருக்கிறதுதான். என் ஹேண்ட்பேக் அங்கே சௌகரியமாக உட்காரும், மனிதர்கள் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் முட்டும். அந்த இரண்டு கதவு ஊருக்கு ஒரு விஷயத்தைப் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிடுகிறது: இது குடும்பத்துக்காக வாங்கியது இல்லை, இவள் தனக்காக வாங்கிக்கொண்டாள்.

நம் ஊரில் செலவு குற்றமில்லை. மகள் கல்யாணத்துக்கு மூன்று நாளில் நாற்பது லட்சம் கரைக்கிறோம், மண்டபத்தில் எழுநூறு இலை போடுகிறோம், யாரும் மைலேஜ் கேட்பதில்லை. பெரும்பாக்கத்தில் ஃப்ளாட் வாங்கி வாடகைக்கும் போகாமல் பூட்டி வைத்தால் புத்திசாலி என்கிறார்கள். தங்கம் வாங்கி லாக்கரில் வைத்து, அதற்கு வாடகையும் கட்டினால் கெட்டிக்காரி. அந்தச் செலவுக்கெல்லாம் காரணம் கூடவே வருகிறது: பிள்ளைக்கு, நாளைக்கு, நாலு பேர் பார்க்க. எனக்குப் பிடித்திருந்தது, வாங்கினேன் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. பெண்ணாக இருந்தால் நிச்சயமாக இல்லை. என் மாமியார் இதை ஒளிவுமறைவில்லாமல் கேட்டார்: "நாலு பேர் போக முடியாத வண்டி எதுக்கும்மா?" ஆபீஸில் இங்கிலீஷில் சுற்றி வளைத்து வந்ததும் இதே கேள்விதான்.

பொறாமை என்று இதை ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அது சரியில்லை. நெதர்லாந்தில் தபால் குறியீட்டு லாட்டரி என்று ஒன்று உண்டு. ஒரு காலத்தில், குறியீடு விழுந்த தெருவில் டிக்கெட் வாங்கியவர்களுக்கு ஒரு டிக்கெட்டுக்கு 12,500 யூரோவும், அவர்களில் ஒருவருக்கு பிஎம்டபிள்யூவும் கிடைத்தன. பொருளாதார அறிஞர்கள் அந்தத் தெருக்களைத் தேடிப் போய்ப் பார்த்து, 2011-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பரிசு விழுந்தவர்களின் பக்கத்து வீட்டுக்காரர்கள், தங்களுக்கு ஒரு யூரோகூட விழாமலே, புதுக் கார் வாங்கியது அதிகமாகியிருந்தது. ஆனால் அவர்களுடைய சந்தோஷம் குறைந்ததாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் கார் வயிற்றெரிச்சலைக் கிளப்புவதைவிட ஆசையைக் கிளப்புவதுதான் அதிகம் போலிருக்கிறது.

வேறொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமாகாது. வேலைக்குப் போய்வர இந்த வண்டி சுத்தமாக உபயோகமில்லை. சென்னை நகருக்குள் காருக்கு வேக வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர். மெட்ரோ வேலைக்கு அடைத்த தகரத் தடுப்புகளுக்கு நடுவே ஓஎம்ஆரில் அந்த 60 என்பதே சொப்பனம். 401 குதிரைச் சக்தியும் இரண்டாம் கியரில் கட்டிப்போட்டபடி துரைப்பாக்கத்தில் நிற்கும். பக்கத்தில் ஸ்கூட்டியில் போகிற பெண் ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போவாள். மழை வந்தால் இன்னும் மோசம். 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அதை டிவியில் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எஞ்சின் தண்ணீரைக் குடித்துவிட்டால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், சாதாரண இன்சூரன்ஸில் அதற்குப் பணம் கிடைக்காது, தனியாக எஞ்சின் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். அந்த வாரம் என் வண்டி தாம்பரம் பக்கம் மேடான இடத்தில், தோழி வீட்டு வாசலில் நின்றது. நான் பஸ்ஸில் ஆபீஸ் போனேன்.

ஓட்ட வேண்டுமென்றால் அதற்கென்று இடம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து ரேஸ் டிராக் ஓடுகிறது, ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். அதற்கு முன்னால் சோழவரத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர். நடிகர் அஜித்தும் ரேஸ் ஓட்டுகிறார், 2025 ஜனவரியில் துபாயில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது கேண்டீனில் எல்லோர் கையிலும் அந்த வீடியோ. என்னிடம் ஜோசியர் பற்றிக் கேட்ட அம்மாவும் கண் கலங்கப் பார்த்தார். அவரிடம், "அஜித் எதுக்கு ரேஸ் ஓட்டுறார்?" என்று கேட்டேன். "அவருக்குப் பிடிச்சிருக்கு, ஓட்டுறார். அதுல என்ன?" என்றார். அதேதான், அதில் என்ன?

கொஞ்ச நாளில் கேள்விகள் குறைந்தன. வேறொன்று ஆரம்பித்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு நடக்கும்போது ஒவ்வொருவராக வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். காரைப் பற்றி இல்லை. ஃபைனான்ஸில் இருப்பவருக்கு டெலஸ்கோப் வாங்க வேண்டுமாம், விலைகூடப் பார்த்துவைத்திருக்கிறார், வீட்டில் சொல்ல முடியவில்லை. டெஸ்டிங்கில் ஒரு பெண் சாக்ஸபோன் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள், காலேஜ் காலத்து ஆசை. ஃபார்ச்சூனர் சாரே ஒருநாள் லிஃப்டில் மெதுவாகச் சொன்னார், அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது புல்லட்தானாம். "வீட்ல ஒரு காரணம் சொல்லணும்ல மேடம்?"

இவர்கள் யாரும் கஞ்சர்கள் இல்லை. என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறவர்கள் இதில் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டுகிறார்கள், அப்பா அம்மாவுக்கு நல்ல ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிறார்கள். தங்களுக்கென்று எதையாவது வாங்கப்போனால் மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒரு கணக்குப்பிள்ளை 'எதுக்கு' என்று கேட்கிறார். என்னை அவர்கள் கேட்டதெல்லாம், அந்தக் கணக்குப்பிள்ளையிடம் சொல்ல ஒரு பதில் கிடைக்காதா என்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

கடன் வாங்கி ஸ்போர்ட்ஸ் கார் எடுங்கள் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். டயருக்கும் சர்வீஸுக்கும் ஆகிற செலவைச் சொன்னால் பாதிப் பேர் ஓடிவிடுவீர்கள். கடமையெல்லாம் முடித்து, கையில் இருக்கும் காசுக்குள் வருகிறதென்றால், அதற்கு மேல் காரணம் தேட வேண்டாம் என்றுதான் சொல்வேன். டெலஸ்கோப்புக்கு மஸ்டாங் அளவு செலவும் இல்லை, பெட்ரோலும் வேண்டாம்.

டெஸ்டிங்கில் இருக்கும் அந்தப் பெண் போன வாரம் சாக்ஸபோன் வாங்கிவிட்டாள். ஆபீஸுக்கே எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள். கேண்டீனில் யாரோ பார்த்துவிட்டு, "இதுல என்ன வருமானம் வரும்?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "லிட்டருக்கு நாலு வரும் சார்."